பதினொன்றாம் பிளாக்கில் கேட்ட இதயம்

1962ஆம் வருஷம் ஆடி மாதம், நெய்வேலி பதினொன்றாம் பிளாக்கில், பம்ப் ஆபரேட்டர் தனகோட்டியின் பத்து வயது மகள் அமிர்தத்தின் இதயம் துடிக்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்க ஆரம்பித்தது. முதல் வாரம் ஜனங்கள் ஏதோ புது மெஷின் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அந்த ஊரில் எந்தச் சத்தத்துக்கும் அதுதான் முதல் விளக்கம். பிறகு பழகிவிட்டது. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள்.

தனகோட்டியோ முதல் நாளே மகளின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரை இராப்பகலாக இறைக்கும் பம்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். இரண்டு துடிப்புக்கு நடுவே ‘உஸ்’ என்று ஒன்று கேட்டது. வால்வு சரியாக மூடாவிட்டால் பம்ப் அப்படித்தான் சீறும். போன மாதம் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போயிருந்தது. அதன் பின்னாலேயே காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்தன.

அப்போது நகரியத்தில் பட்டம்மாள் என்றொரு ஆராய்ச்சி டாக்டர் இருந்தார். மெட்ராஸில் சொகுசாக இருந்திருக்கலாம். தொண்டையில் வருகிற கிருமி இதயத்தை ஏன் கெடுக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் தொண்டையைப் பஞ்சால் தடவி எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார். அப்படியொரு பொறுமையை அந்த ஊர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவர் ஸ்டெதாஸ்கோப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, தெருமுனையில் நின்று ஒரு மணி நேரம் அமிர்தத்தின் துடிப்பைக் கேட்டு நோட்டில் எழுதினார்.

“கிருமியோட சட்டையும் இதயத்தோட சட்டையும் ஒரே காக்கின்னு நெனைக்கிறேன்,” என்றார் தனகோட்டியிடம். “உடம்போட வாட்ச்மேன் திருடனை அடிச்சு முடிச்சுட்டு, அதே சட்டை போட்ட வீட்டுக்காரனையும் அடிக்கிறான். கிருமி திரும்பி வந்தா திரும்பவும் அடி விழும். வரவிடாம இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி. பல வருஷம் போடணும்.”

ஊசி போடப் போடச் சத்தம் இறங்கியது. பொங்கலுக்கெல்லாம் அது வாசற்படியைத் தாண்டவில்லை. ஊசி போட்ட அன்று பிள்ளை நடக்கமுடியாமல் அழுவதைத்தான் தனகோட்டியால் பார்க்க முடியவில்லை. நன்றாக ஓடுகிற மெஷினில் கைவைக்கக் கூடாது என்பது சுரங்கத்தில் அவர் கற்ற முதல் பாடம். பட்டம்மாள் மெட்ராஸ் போயிருந்த சமயம், இரண்டு தவணை ஊசிக்குப் போகாமல், மகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். மனைவி சாமியம்மாளிடம் போட்டாயிற்று என்றார்.

மாசியில் மறுபடி தொண்டை வலி வந்தது. மூன்றாவது வாரம் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்து விழுந்தன. இரண்டு மைல் தள்ளிச் சுரங்கத்தில், அத்தனை பம்புகளின் இரைச்சலுக்கும் மேலே, தனகோட்டிக்கு மகளின் இதயம் கேட்டது. சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது பட்டம்மாள் கட்டிலருகில் இருந்தார்.

“நாந்தாம்மா நிறுத்தினேன்,” என்றார் தனகோட்டி. “நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சு.”

பட்டம்மாள் கோபப்படவில்லை. “சுரங்கம் காஞ்சுதான இருக்குன்னு உங்க பம்பை நிறுத்துவீங்களா?”

“நிறுத்தினா அடித்தரை பொத்துக்கினு எல்லாம் முழுகிப்பூடுங்க.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பட்டம்மாள் பதினேழு நாள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. சாமியம்மாள் சமையலறையில் பாதியைக் கண்ணாடித் தட்டுகளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, தெருவுக்குக் கேட்கும் சத்தமும் ‘உஸ்’ஸும் மட்டும் தங்கிவிட்டன. அதைப்பற்றி பட்டம்மாள் எழுதிய கட்டுரையை, எந்தக் கருவியால் கேட்டீர்கள் என்ற கேள்வியோடு ஒரு மருத்துவப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. தெருவில் நின்று கேட்டேன் என்று பட்டம்மாள் உள்ளதை எழுதிப்போட்டார். இரண்டு வருஷம் யோசித்து அச்சிட்டார்கள்.

1969இல் அமிர்தம் ஆசிரியர் பயிற்சிக்குக் கடலூர் போனாள். பஸ் குறிஞ்சிப்பாடி தாண்டும்வரை தெருவுக்குச் சத்தம் கேட்டது, அப்புறம் இல்லை. தனகோட்டிக்கு மட்டும் நிற்கவில்லை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வேலையின் நடுவே கிழக்கே காதைக் கொடுத்து நிற்பார். ஊசியைக் கண்டதும் அவள் துடிப்பு ஒரு கணம் தடுமாறி, பிறகு சீராகும்.

“போட்டுட்டாங்க,” என்பார் பக்கத்து ஆபரேட்டரிடம்.

“சரிங்கண்ணே,” என்றுவிட்டு அவர் டீ வாங்கப் போவார்.