இடது குதிகால்

திண்டிவனத்து ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். பாயில் மல்லாந்து கிடந்த பெரியதம்பி, அவன் தலைமாட்டில் மனைவி பாஞ்சாலி, காலடியில் பயிற்சி கொடுக்கும் லூர்து மேரி, பெஞ்சு காலியாக இருந்தும் உட்காராமல் சுவரோரம் நின்ற அவன் அப்பா துரைக்கண்ணு.

ஐப்பசியில் வந்த மூளைக்காய்ச்சல் பெரியதம்பியின் உயிரை விட்டுவைத்தது. இடது பக்கத்தை முறுக்கிவிட்டுப் போனது. கை தேறிவிட்டது. கால் தேறவில்லை, குதிகால் தரையில் படாமல் நுனிவிரலில் நின்றது. விழுப்புரத்து அரிசி மில்லில் அவனுக்குக் களத்து வேலை. அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலாலேயே துழாவிக்கொண்டு நடக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் அவன் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று மேஸ்திரி சீனுவாசன் சொல்லியிருந்தார்.

லூர்து மேரி அவன் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தைத் தன் முன்கையோடு சேர்த்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினாள். பெரியதம்பி பல்லைக் கடித்தான்.

"தெனமும் வீட்டுல ரெண்டு வேள இத பண்ணணும். விட்டா இப்பிடியே இறுகிப்பூடும். யார் பண்ணப் போறீங்க?"

"நாந்தான் பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள் பாஞ்சாலி.

"உன் கைக்கு அது அசையலியே. வயித்துல புள்ளய வச்சிக்கினு இந்த அழுத்து அழுத்தவும் கூடாது. பெரியவரே, இப்படி வாங்க, காட்டித் தர்றேன்."

துரைக்கண்ணு தோள்துண்டைச் சரிசெய்தார். "அது எங்க வழக்கத்துல இல்லம்மா."

"எது?"

"பெத்தவன் புள்ள கால தொடறது. தொட்டா அவன் ஆயுசுக்கு ஆவாது. பாக்கறவனும் சிரிப்பான்."

"சிரிக்கறவன் வந்து அழுத்துவானான்னு கேளுங்க."

அவள் மறுபடி அழுத்தியபோது துரைக்கண்ணு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காணைப் பக்கத்துத் தம் ஊருக்குத் திரும்பிய மறுநாள், பாஞ்சாலி கூலிக்கு மல்லாட்டைக் கடலை உடைக்கப் போனதும் அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"கால நீட்டு."

"வேணாம்ப்பா. நீங்க போயி..."

"நீட்டுடா. கண்ண மூடிக்க."

பெரியதம்பி கண்ணை மூடினான். துரைக்கண்ணு முழங்காலிட்டு, மகனின் குதிகாலைக் கையில் ஏந்திக் குனிந்தார். பெரியதம்பி வாய்விட்டு அலறினான். அவர் விடவில்லை. நெற்றி வியர்வை மகனின் கணுக்காலில் சொட்டியது.

அலறல் கேட்டு அடுத்த வீட்டு வீரம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எவர் முன்னும் தலை தாழாத மனிதர் மகன் காலடியில் கவிழ்ந்திருந்தார். அவள் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

மார்கழிக்குள் பேச்சு கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

"மாமா, புள்ள எந்திரிக்க மாட்டான்னு நீங்க அவர் கால்ல வுழுந்து அழுவறதா பேசிக்கினு இருக்காங்க" என்றாள் பாஞ்சாலி. "கேக்கறவங்ககிட்ட நடந்தத சொல்லிடட்டுமா?"

"எதயும் சொல்லக்கூடாது. நம்ம ஊட்டுச் சங்கதி ஊட்டோட இருக்கட்டும்."

கதவு காலையும் மாலையும் சாத்தியே இருந்தது.

போகிக்கு முந்தின நாள் பெரியதம்பியின் குதிகால் தரையைத் தொட்டது. மறுநாளே அப்பாவும் மகனும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்கள்.

மில் களத்தில் பெரியதம்பியின் இடத்தில் வேறொருவன் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தான். மேஸ்திரியின் மச்சான்.

"பொங்கல் வரிக்கும்னு சொன்னீங்களே, மேஸ்திரி?"

"சொன்னேன்பா. நீ எந்திரிக்க மாட்ட, உங்கப்பாரே கால்ல வுழுந்து அழுவறாருன்னு ஊருலேந்து சேதி வந்துது. முதலாளி காதுக்கும் போயிடுச்சி. அப்புறம் எப்பிடி எடத்த காலியா வச்சிக்கினு இருக்கறது?"

"இப்ப நடக்கறேனே. பாருங்க."

பெரியதம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் இறங்கினான். இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் குதிகால் அழுந்த, களத்தின் கோடி வரைக்கும் ஒரு சால் போட்டான். களத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பேஜாரு பண்ணாத, மேல ஏறு" என்றார் மேஸ்திரி. "ஆள் போட்டாச்சி."

மச்சான் திரும்பி வருகையில் அந்தச் சாலின் மேலேயே நடந்தான். நெல் சரிந்து அதை மூடியது.

துரைக்கண்ணு தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு களத்தின் விளிம்புக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"நான் அழுவல. கால்லயும் வுழல. எம்மவன் குதிகால தெனம் ரெண்டு வேள இந்தக் கையால அழுத்திக்கினு இருந்தேன்."