தெருவுக்கு வராத வேன்

கண்ணாடிக்கடையை எப்போதோ மூடிவிட்ட அந்தப் பெரியவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டியது அவர் மனைவி. பள்ளிக்கூட வேன். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம். வேன் கொட்டகையிலேயே நிற்கிறது.

நின்ற இடத்திலேயே நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறுதோறும் எட்டு மணிக்கு மெக்கானிக், தையல்கார அக்கா, தபால்காரர் மூவரும் வந்து வேனைத் தெருவரை தள்ளி, திரும்ப உள்ளே தள்ளுவார்கள். பத்து நிமிட வேலைதான். அப்புறம் டீ, வம்பு, கிண்டல் என்று பத்தரை ஆகிவிடும். மற்ற ஆறு நாளும், கண்ணுகளா, அந்த மனுஷரிடம் பேசியது ரேடியோ மட்டும்தான்.

ஒருநாள் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் பயன்பாட்டில் இல்லை என்று பதிய வேண்டும். பதியப் போனார்.

"உள்ளேயே நிக்குதா ஐயா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"உள்ளேதாம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் தெருவுக்குத் தள்ளுவோம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கையெழுத்துப் போட்டுட்டா ஒரு சாண்கூட வெளிய வரக் கூடாது. தள்ளினாலும் தப்புதான். யாரையாவது ஓட்டச் சொல்லி சோதனைக்குக் கொண்டு வாங்களேன்."

"அவ சீட்டுல வேற ஆள் உக்கார வேண்டாம்மா."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறன்று மூவரிடமும் விஷயத்தைச் சொன்னார். வேலை இல்லாவிட்டாலும் டீக்கு வருவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"என் இடுப்பு தப்பிச்சுது" என்றார் தபால்காரர்.

"உங்க இடுப்பு எப்பத் தள்ளிச்சு? வேன் மேல கைய வெச்சுக்கிட்டு கூடவே நடந்து வருவீங்க" என்றாள் அக்கா.

மெக்கானிக்குக்குக் கவலை டயர் மேல். "கட்டையில ஏத்திருவோம் மாமா. அப்புறம் பத்து வருஷமானாலும் யாரும் தொட வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். காரணம் எதுவும் அகப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டன.

"இனிமே எங்க தொந்தரவு இல்ல" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனாள் அக்கா.

அடுத்த ஞாயிறும் கைப்பழக்கத்தில் நாலு பேருக்கு டீ போட்டார். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் என்ன குற்றம்? வேலை முடிந்துவிட்டது.

தேவை என்று பிறர் தன் கடைக்கு வந்து பழக்கமே தவிர, காரியமில்லாமல் இன்னொருவர் வாசலுக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் மெக்கானிக் பட்டறைக்குப் போகச் செருப்பை மாட்டினார். பின்சக்கரத்தில் ஏதோ சத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். சுற்றாத சக்கரத்தில் ஏது சத்தம்? வழியெல்லாம் வேறு பொய் தேடிக்கொண்டே போனார்.

"என்ன மாமா, கட்டை சரிஞ்சிருச்சா?" என்றார் மெக்கானிக்.

"கட்டை நல்லாத்தான் இருக்கு."

"வேற என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் வந்தேன்."

மெக்கானிக் அவர் முகத்தை ஒருகணம் பார்த்தார். சுவரோரம் கிடந்த பழைய கார் சீட்டைத் துணியால் தட்டினார்.

"வேலையா வர்றவங்கதான் இங்க நிக்கணும். சும்மா வர்றவங்களுக்குச் சீட்டு உண்டு."

பெரியவர் உட்கார்ந்தார்.