மதியம் வரைக்கும்தான்

முட்டி இரண்டும் மாலையில்தான் தெறிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில் ஐம்பதை நெருங்கும் உடம்பை மடக்கி வைத்தால் வேறென்ன நடக்கும்? மூட்டை தூக்குகிறவன் முதுகு வலி என்றால் எல்லோரும் நம்புவார்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவள் முட்டி வலி என்றால் சிரிப்பார்கள்.

அவள் வகுப்பு உதவியாளர். அக்காள் மட்டும் போகிற இடமெல்லாம் "என் தங்கச்சி டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு மாதச் சம்பளம், இவளுக்கு மணிக்கூலி. பள்ளி பூட்டினால் கூலியும் பூட்டிக்கொள்ளும். வாடகைக்கு அப்படி விடுமுறை கிடையாது. வருவதில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை அறைக்கே போனது. மீதியில் பஸ், காஸ், முட்டிக்குத் தைலம். அதற்குப் பிறகுதான் வயிறு.

அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. சிட்டு என்று கூப்பிடுவாள். சிட்டு பேச மாட்டாள். நாற்காலி தரையில் இழுபட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அவளுக்குத் தினம் எத்தனை மணி நேரம் துணை வேண்டும் என்று ஆண்டுக்கொரு முறை கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து முடிவு செய்வார்கள். அந்த நேரத்துக்குத்தான் இவளுக்குக் கூலி.

அவர்கள் வரும் நாள் காலையில் டீச்சர் அவளை ஓரமாக அழைத்தாள்.

"அக்கா, இன்னைக்கு உங்க தெறமையெல்லாம் காட்டிடாதீங்க. ஷூவை நீங்களே மாட்டி விடுங்க. சாப்பாட்டு டப்பாவை நீங்களே திறங்க."

"ஏமாத்தச் சொல்றீங்களா டீச்சர்?"

"பொழைக்கச் சொல்றேன். அதுக்கு ஷூ போடத் தெரிஞ்சா எல்லாமே தெரியும்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அது அலறும்போது யாரு பாக்கறது? பக்கத்து கிளாஸ் அக்கா போன வருஷம் பெருமை அடிச்சுட்டு என்ன ஆனாங்க? சூப்பர் மார்க்கெட்ல தரை துடைக்கறாங்க."

"அங்க கூலி ஜாஸ்தியாமே?"

"அதான் கொடுமையே!"

இருவரும் சிரித்தார்கள்.

ஷூ மாட்டப் பழக்கியது பல மாத வேலை. முதலில் பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து மாட்டுவாள். பிறகு மணிக்கட்டை மட்டும் பிடிப்பாள். பிறகு முழங்கையில் ஒரு விரல். அந்த விரலையும் எடுக்கும் நாளுக்காகத்தான் இத்தனையும்.

அலுவலகத்து ஆள் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இடைவேளை மணி அடித்தது. டீச்சர் சொன்னபடியே அவள் குனிந்து ஷூவை எடுத்தாள். சிட்டு அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"நானே."

அந்த வகுப்பில் அதுவரை யாரும் அவள் குரலைப் பேச்சாகக் கேட்டதில்லை. ஷூவைப் பிடுங்கி, வலதை இடதில் மாட்டி, பட்டையை இழுத்து ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அடி என் ராசாத்தி!" என்று உதவியாளர் கை தட்டினாள். பிள்ளைகள் தட்டினார்கள். பின்வரிசையில் அந்த மனிதரும் தட்டினார். டீச்சர் மட்டும் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

போகும்போது அவர் நின்று சொன்னார். "ரொம்ப நல்லா பழக்கியிருக்கீங்கம்மா. இனிமே இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு துணை தேவைப்படாது."

மாதக் கடைசியில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "உங்களைப் பாராட்டி எழுதியிருக்காங்க," என்றார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து மதியம் வரைக்கும்தான்," என்றார்.

டீச்சர் வாசலில் காத்திருந்தாள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா."

"சொன்னீங்க. அது வாயத் தொறந்து பேசும்னு சொல்லலையே டீச்சர்."

அரை நாள் வேலையின் முதல் நாள், பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது உள்ளே நாற்காலி இழுபட்டது. அலறல் கேட்டது. திரும்பி இரண்டடி வைத்தாள். காவலாளி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். "நேரம் முடிஞ்சிருச்சேம்மா. வெளியாளுங்கள விடக்கூடாது." அலறல் அடங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்க வெகு நேரம் ஆனது.

பகல் வெளிச்சத்தில் தன் அறையைப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. கட்டில், அடுப்பு, ஒரு ஜன்னல். எதிர்ச் சுவரில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். அக்காளுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, டீச்சரம்மா மத்தியானமே வீட்டுலயா? குடுத்து வச்சவ!"

"ஆமாக்கா."

"சாப்டியா?"

"ஆச்சுக்கா," என்றாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

வேறு வேலை தேடினாள். கேட்ட இடத்திலெல்லாம் காலை வேலைக்குத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். காலைதான் சிட்டுவுக்கு. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த சம்பளத்தன்று வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினாள். இவள் கொடுத்ததை எண்ணிப் பார்த்தாள்.

"என்னம்மா, பாதிதான் இருக்கு?"

"வேலை பாதியாயிடுச்சும்மா."

"அதுக்கு? பாதி ரூம்லயா படுத்துக்கற?" சொன்ன பிறகு வீட்டுக்காரம்மாவுக்கே என்னவோ போலிருந்தது. கதவில் சாய்ந்துகொண்டாள். "எனக்கும் பேங்க்ல கடன் கழுத்தை நெரிக்குதும்மா. அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துரு. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

"குடுத்துர்றேம்மா."

அடுத்த மாதம் பள்ளிக்குக் கோடை விடுமுறை. அரை நாள் கூலியும் கிடையாது.

வீட்டுக்காரம்மாவுக்கு இந்த மாத வாடகையில் பாதி பாக்கி. அடுத்த மாத வாடகை முழுதும் பாக்கி.