பலகைக்குக் கீழே ஒரு படம்

அருங்காட்சியகத்தில் அவருக்கு நத்தையம்மா என்று பெயர். நத்தையில்தான் அவர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருந்தார். ஆனால் கடற்பஞ்சு, நாடாப்புழு, மண்புழு, தேள், மரவட்டை, நண்டு, நட்சத்திர மீன் என்று முதுகெலும்பு இல்லாத அத்தனையும் அவர் பொறுப்புதான். உலகத்துப் பிராணி வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அவர் ஒருவர் கையில் இருந்தன. மிச்சத்துக்கு மாடியில் நான்கு அதிகாரிகள். இதைப் பற்றி அவர் பதினெட்டு வருடமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை. பொதுவாகவே எதற்கும் தலையாட்டிவிடுகிற சுபாவம்.

அவருடைய கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் மங்கி, உள்ளே இருப்பது சிப்பியா கூழாங்கல்லா என்று சந்தேகம் வரும் நிலைமை. ஆலை முதலாளி ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் புதிதாகச் செய்து தர முன்வந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: கூடத்தின் வாசலில் தன் படம் இருக்க வேண்டும். இயக்குநர் அவரைப் பறவைக் கூடத்துக்கும், யானை எலும்புக்கூடு நிற்கும் நடுக்கூடத்துக்கும் அழைத்துப் போய் ஆசை காட்டிப் பார்த்தார். முதலாளி கீழ்த்தளமே போதும் என்று சொல்லி, சுவரில் இடத்தையும் கைகாட்டிவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு தச்சர் படத்தை மாட்டினார். ஏணியை விட்டு இறங்கித் தள்ளி நின்று பார்த்தவர், நேராக இயக்குநரிடம் போனார்.

"சார், படத்தையும் மேல இருக்கிற பலகையையும் சேத்துப் பாருங்க."

பலகையில் கொட்டை எழுத்தில் 'முதுகெலும்பற்றவை' என்று இருந்தது. அதற்கு நேர் கீழே, கோட்டும் டையுமாக முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார். படத்தை நகர்த்த முடியாது, அது முதலாளியே காட்டிய இடம். எனவே பலகைதான் மாற வேண்டும். 'சிற்றுயிர்கள்' என்று வைக்கலாம் என்றார் மாடி அதிகாரி ஒருவர். முதலாளி ஆள் கொஞ்சம் குள்ளம் என்று இன்னொருவர் நினைவூட்டினார். கடைசியில் இயக்குநரே 'மெல்லுடலிகள்' என்று ஒரு பெயரைச் சொல்லி, சொல்லும்போதே அதில் மயங்கிவிட்டார்.

நத்தையம்மா தொண்டையைச் செருமினார். அது நத்தை, சிப்பி, கணவாய் வகைக்கு மட்டும் உள்ள பெயர், தேளும் நண்டும் அதில் சேராது என்றார்.

"வர்றவங்க தேளைத் தொட்டா பாக்கப் போறாங்க?" என்றார் இயக்குநர்.

எல்லோரும் சிரித்தார்கள். நத்தையம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புதான் அவரை உறுத்தியது. கணவரிடம் சொன்னார். பலகையைத்தானே மாற்றுகிறார்கள், உன் பெயரையா என்று கேட்டுவிட்டு அவர் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். மறுநாளிலிருந்து மூன்று நாள் நத்தையம்மா நூற்று நாற்பது பெயர்ச் சீட்டுகளின் தலைப்பிலும் 'மெல்லுடலிகள்' என்று தட்டச்சில் அடித்தார். நண்டின் முறை வந்தபோது கொஞ்ச நேரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

விழா அன்று முதலாளி தடி ஊன்றி, பலகை மாதிரி விறைப்பாக நடந்து வந்தார். வாசலில் நின்று, வளைய மறுக்கும் அந்த உடம்பைச் சிரமப்பட்டுப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தார். பழைய பலகை எங்கே என்று கேட்டார்.

"முதுகுல ஆபரேஷன் பண்ணி ஏழு மாசம் படுத்த படுக்கையா கெடந்தேன்," என்றார் அவர். "எழுந்ததும் சக்கர நாற்காலியில முதல்ல வந்தது இங்கதான். முதுகெலும்பே இல்லாம இத்தனை பேரு கெட்டிக்காரத்தனமா பொழைக்கிறாங்களேன்னு அன்னைக்குத்தான் தெம்பு வந்துச்சு. அந்தப் பலகைக்குக் கீழ இருக்கணும்னுதான் இந்த இடத்தையே கேட்டேன்."

இயக்குநர் கண் இமைக்காமல், அது பிரிவு அதிகாரி எடுத்த அறிவியல் முடிவு, தாம் அதில் தலையிடுவதில்லை என்று சொல்லி நத்தையம்மாவைப் பார்த்தார். நத்தையம்மாவின் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கி, பாதியில் நின்றது.

"அது அறிவியல் இல்லைங்க," என்றார். "தப்பு. தப்புன்னு தெரிஞ்சே அடிச்சது நான். அடிக்கச் சொன்னது சார்."

விருந்தினர்கள் பழரசம் குடித்து முடிப்பதற்குள் தச்சர் பழைய பலகையைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். பிறகு இயக்குநர் பேசினார். எத்தனை நெருக்கடி வந்தாலும் இந்த நிறுவனம் அறிவியல் உண்மையில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காது என்றார். பலத்த கைதட்டல், முதலாளி மட்டும் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நத்தையம்மாவுக்கு உத்தரவு வந்தது. பதவி உயர்வு, மாடியில் பாலூட்டிகள் பிரிவு. அவர் கடிதத்தோடு இயக்குநர் அறைக்குப் போய், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நான் போகல சார். கீழயே இருக்கேன்."

எதிரில் உறுதியாக ஒருவர் பேசினால் மறுத்துப் பேசி இயக்குநருக்குப் பழக்கமில்லை, இப்போதும் மறுக்கவில்லை.

"அப்ப இந்த ஆர்டரை என்ன பண்றது?" என்று கவலையோடு கேட்டார்.

அது அவருடைய இஷ்டம் என்று சொல்லிவிட்டு நத்தையம்மா எழுந்தார். மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கீழே வந்து சேர்ந்தார்.