முதல் குவியல்

1
மாலை வகுப்பில் கொடுத்த பயிற்சியிலிருந்து வந்த கதை இது: 'உங்கள் ஊரில் ஒருவர் முடிவெடுப்பதை எழுதுக.' கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்க் களத்தில் மாயக்காள் தன் நெல்லை எப்போது விற்பது என்று முடிவெடுத்ததை எழுத உட்கார்ந்தேன். பாதியில்தான் தெரிந்தது, அவர் முடிவே எடுக்கவில்லை.

2
'வானம் கறுத்தபோது மாயக்காள்—'

(வேண்டாம். முதல் வரியிலேயே மழை வந்தால் பழியெல்லாம் மழைமேல் போய்விடும்.)

மாயக்காளின் குவியலும் கர்ணனின் குவியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எங்கள் களத்தில் முதலில் விற்பவருக்குப் படியும் விலைதான் எல்லாருக்கும். குறைந்து படிந்தால் அடுத்த போகம்வரை அவரைத்தான் திட்டுவார்கள். அதனால் யாரும் முதல் ஆளாகப் போவதில்லை.

3
வியாபாரி அமானுல்லா லாரியோடு வந்தார்.

"அக்கா, மேகம் கட்டுது. இப்பவே மூடை பிடிச்சிரலாம்."

"கர்ணண்ணே வெலைக்குப் போட்டாகளா?"

"அவரு ஒங்களக் கேக்குறாரு, நீங்க அவரக் கேக்குறீக. நான் என்ன தபால்காரனா?"

கர்ணன் தன் குவியலிலிருந்தே குரல் கொடுத்தார். "நீ போடு ஆத்தா. ஒனக்குன்னா பாய் கொஞ்சம் கூடக் குடுப்பாரு."

"கொறஞ்சா நான் கெடுத்தவ, கூடுனா நீங்க கெட்டிக்காரரு. நல்லாருக்குண்ணே ஒங்க ஞாயம்!"

மூவரும் சிரித்தார்கள். லாரி காலியாகத் திரும்பியது.

(கர்ணனைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவருக்கும் அதே பயம்தான்.)

4
அன்றிரவு பிடித்த மழை நாள்கணக்கில் விடவேயில்லை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்தது. வெயில் வந்தபின் தார்ப்பாயைத் தூக்கியபோது முகத்தில் ஆவி அடித்தது. மாயக்காள் உள்ளே கைவிட்டு அள்ளினார். நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. அந்தப் போகத்தில் அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அவர் அழவில்லை என்று எழுதினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அழுதார்.

5
மாற்று முடிவுகள்:

அவர் அன்றே விற்றுவிடுகிறார், மறுநாள் விலை ஏறுகிறது, ஊர் தூற்றுகிறது.

கர்ணன் முதலில் விற்கிறார். (வகுப்பில் நம்புவார்கள். களத்தில் யார் நம்புவார்?)

இருவரும் ஒரே நேரத்தில்—

6
நடந்தது இது. அமானுல்லா மறுபடி வந்தார். கர்ணன் குவியலும் முளைத்திருந்தது.

"கோழித் தீவனத்துக்குன்னா எடுத்துக்கிறேன்க்கா. அதுக்கு மேல என்னால ஆகாது. யாரு மொதல்ல?"

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, நீங்க போடுறீகளா?"

கர்ணனின் பதிலை நான் எழுதவில்லை. அவர் இடத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள். அதிகம் யோசிக்காதீர்கள், முளை நீண்டுகொண்டிருக்கிறது.