பாய்ஸ் ரன்ஸ்

ஆட்கள் பலரானால் வினைச்சொல்லின் வாலில் எஸ் வராது என்று ஆங்கில டீச்சர் தலைப்பாடாக அடித்துக்கொண்டும், பிள்ளைகள் தாளுக்குத் தாள் ‘பாய்ஸ் ரன்ஸ்’ என்றே எழுதித் தள்ளியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் அவளுக்குக் கண் சொருகிய பிறகும், சிவப்புப் பேனா தானாகத் தப்புப் போட்டுக்கொண்டே போனது.

விடைத்தாள்களைக் கட்டி முடித்தபோதுதான் உறைத்தது. மேலே இருந்த தாளில் ‘பாய்ஸ் ரன்’ என்று சரியாகவே இருந்தது. அதையும் அடித்திருந்தாள்.

“ஒண்ணுதானே டீச்சர், திருத்திட்டுக் கெளம்புங்க,” என்றார் பக்கத்து நாற்காலிக் கணக்கு சார்.

அவள் கட்டையே அவிழ்த்தாள்.

“உள்ள இன்னும் எத்தனை இருக்கோ! ஒருத்தராவது சரியா எழுத மாட்டாங்களான்னுதானே சார், வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்துனேன்?”