பாங்கும் பந்தயமும்

பிரதம விருந்தினர் என்று ஒருவர் வராவிட்டால் இந்த நாட்டில் பிள்ளைகள் ஓடவே மாட்டார்களா? பேணாட் மாஸ்டருக்கு வாய்வரை வந்துவிட்டது. வெயில் ஏறுமுன் முடிந்திருக்க வேண்டிய சிறுவர் ஓட்டம், அந்தப் பெரிய மனிதரால் உச்சிவெயில் வரை இழுபட்டது. கோட்டைப் பக்கத்து மான்கள்கூட அலுத்துப்போய் மைதானத்தை விட்டு நிழலில் படுத்துவிட்டன.

ஆனால் பேணாட்டுக்குப் பயம் வெயிலால் அல்ல, பாங்கால். பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்குக்கு இனி அதிக நேரம் இல்லை.

பேக்கரி வாசலில் பாணுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் வருஷத்தில்தான் அவர் மூதூர்ப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டக் கழகம் தொடங்கினார். சேர்ச்சுக்குப் போகும் வேதக்கார மாஸ்டர் ஒருவர் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கடற்கரையில் ஓடவிடுகிறார் என்றதும் முஸ்லிம் தாய்தகப்பன்மார் முகம் சுளித்தார்கள். பாங்கு சொன்னால் எல்லாரும் நிற்போம் என்று அவராகவே வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல் அதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினார். பள்ளிவாசலில் குரல் எழுந்ததும் வைத்த கால் வைத்தபடி நிற்க வேண்டும்; பாங்கு முடியுமுன் அசைந்தாலும் பேசினாலும் அவுட். அதில் ஒருநாளும் அவுட் ஆகாதவள் நாலாம் வகுப்பு ஸுல்பிகா. ஓட்டத்திலும் அவளை யாரும் பிடித்ததில்லை.

அவளுடைய வாப்பா, புடவைக்கடை கலீலுர் றஹ்மான், லேசில் இளகுகிற ஆள் இல்லை. "இந்த ஒருதரம் டவுன் போட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க சேர். வெண்டா பிறகும் ஓடட்டும். தோத்தா இதோட காணும், நிப்பாட்டிருங்க. பொம்புளப் புள்ளைக்கு ஓட்டம் என்னத்துக்கு? ஆனா பாங்கு விஷயத்துல குடுத்த வாக்கு வாக்குத்தான்" என்றவர், காலை லோஞ்சில் தானும் ஏறிக் கடல் கடந்து வந்துவிட்டார். இப்போது கயிற்றோரம் குடை பிடித்தபடி நின்றார்.

பேணாட், போட்டியை நடத்திய பாக்கியரத்தினம் மாஸ்டரிடம் ஓடினார்.

"பாங்கு முடிஞ்ச பிறகு விசிலை ஊதுங்கோ மாஸ்டர். கொஞ்ச நேரந்தானே."

"ஏலாது பேணாட். இப்பதான் பிரதம விருந்தினர் வந்து கதிரையில இருந்தவர். சாப்பாட்டுக்கும் போகவேணுமாம்."

கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. கோட்டில் நின்ற ஸுல்பிகாவிடம் போய்க் குனிந்தார். இன்றைக்கு மட்டும் நிற்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வென்றுவிடுவாள். ஆனால் நிற்காமல் ஓடினால் தகப்பன் விடுவாரா? நின்றாலும் முடிந்தது, ஓடினாலும் முடிந்தது. அதோடு, தன்னுடையதல்லாத பாங்கை மீறச் சொல்ல இவர் யார்?

"கெதியா ஓடு பிள்ளை. பாங்குக்கு முதல் முடிச்சுப்போடு."

"ஓம் சேர்" என்று அவள் சிரித்தாள்.

விசில் ஒலித்தது. மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பாதிச் சுற்றிலேயே அவள் மற்றப் பிள்ளைகளை நன்றாகப் பின்னுக்கு விட்டுவிட்டாள். கடைசி வளைவும் வந்தது. கர்த்தரே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பேணாட் கையைப் பிசைந்தார்.

அப்போதுதான் டவுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அல்லாஹு அக்பர்.

ஸுல்பிகா நின்றாள். வைத்த கால் வைத்தபடி, எல்லைக் கயிற்றைப் பார்த்தபடி. பின்னால் வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் ஏது? ஒவ்வொருவராக அவளைக் கடந்தார்கள்.

"ஓடு பிள்ளை! ஓடு!"

கத்தியது தான்தான் என்று பேணாட்டுக்கு விளங்கவே ஒரு கணம் பிடித்தது. வாக்குப் போச்சு, மானம் போச்சு. வெட்கத்தில் கலீலுர் றஹ்மான் நின்ற பக்கம் திரும்பவே அவருக்குத் துணிவு வரவில்லை. அவளோ அசையவில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் இறங்கியது. பாங்கு முடிந்த பிறகு மிச்சத் தூரத்தைத் தனியாக ஓடி, கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வந்து நின்றாள்.

கலீலுர் றஹ்மான் குடையை மடக்கியபடி நெருங்கினார்.

"நீங்க கத்தினது கேட்டது சேர்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ கலீல் நானா. வாக்கை மீறிப்போட்டன்."

"நானுந்தான் கத்தினன். உங்கட சத்தத்துல அது எடுபடல்ல."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஸுல்பிகா கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"பாங்கு சொல்லக்குள்ள கத்தப்படாதுண்டு தெரியாதா? வாப்பாவும் அவுட், சேரும் அவுட்."

கலீலுர் றஹ்மான் குடையை மறுபடி விரித்து மகளின் தலைக்கு மேலே பிடித்தார்.

"அடுத்த வருஷம் ஓட்டத்த வெள்ளனவே வைக்கச் சொல்லுங்க சேர்" என்றார்.